“மறுகா வாங்க” (பிறகு வாருங்கள்) என்றால் என்ன செய்வது? தகவல் உரிமை பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் பல வருடம் பிராந்திய நிருபராக இருந்தவன் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் வாசிகசாலையில் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு, வருபவர்களுக்குத் தகவல் கேட்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன். படுவான்கரையிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள், கல்முனை, அக்கரைப்பற்றிலிருந்தும் வருகிறார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒரே பதிலை நூறு தரம் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன்.

இது என்ன சட்டம்? எப்போது வந்தது?

இலங்கையின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பே, 2015இல் வந்த 19ஆவது திருத்தம் அரசியலமைப்பில் 14அ என்ற உறுப்புரையைச் சேர்த்து, தகவல் பெறுவதை அடிப்படை உரிமையாக்கியது. கந்தோர்க்காரர் யாரும் தயவு பண்ணித் தாள் தருவதாக நினைக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

யாரிடம் கேட்கலாம்?

கச்சேரி (மாவட்டச் செயலகம்), பிரதேச செயலகம், பிரதேச சபை, மாநகர சபை, திணைக்களங்கள், கூட்டுத்தாபனங்கள், பல்கலைக்கழகங்கள் எல்லாம் இதற்குள் வரும். அரசுப் பணத்திலோ வெளிநாட்டு அரசின் பணத்திலோ பெரும்பாலும் ஓடிக்கொண்டு பொதுமக்களுக்குச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனங்களும் வரும். இதைப் பலர் நம்புவதில்லை. சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்தில் எத்தனை நிறுவனங்கள் பெயர்ப்பலகை நட்டன என்பதைக் கண்டவர்களுக்கு இந்த ஒரு வரியின் பெறுமதி விளங்கும்.

சரியான கதவைத் தட்டுவதுதான் பாதி வேலை. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் கச்சேரிக்கு மட்டும் எழுதிவிட்டு இருக்கக் கூடாது. அந்தக் காணி மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் பி வலயத்தோடு சம்பந்தப்பட்டது. எல்லை வரைபடம், யாருக்கு என்ன அனுமதி கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் மகாவலி அதிகார சபையின் பைலில்தான் இருக்கும். மாட்டுப் பண்ணையாளர்கள் அந்தத் தரையைக் கேட்டு 2023 செப்டம்பரில் தொடங்கிச் சித்தாண்டியில் மாதக்கணக்காகக் குந்தியிருந்தார்கள். அந்தப் போராட்டம் தேவைதான். அதோடு கூடவே வரைபடத்தின் ஒரு கொப்பியும் கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

ஏன் கேட்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது?

ஒன்றும் சொல்லத் தேவையில்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது. “சும்மா தெரிஞ்சு கொள்ளத்தான் ஐயா” என்று சிரித்துவிட்டு இருங்கள்.

எப்படி எழுத வேண்டும்? நான் பெரிதாகப் படிக்கவில்லை.

ஆர்.டி.ஐ. 01 என்று ஒரு படிவம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் வெள்ளைத் தாளில் எழுதலாம். எழுதவே தெரியாதவர் வாயால் சொன்னால், தகவல் அலுவலர் அதை எழுதி எடுக்க வேண்டும். கொடுத்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அது இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

ஆனால் எழுதும் விதத்தில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். என்னிடம் வரும் முதல் வரைவு அநேகமாக இப்படி இருக்கும்: “எமது கிராமத்து வீதி தரமற்ற முறையில் போடப்பட்டுள்ளது. இதில் ஊழல் நடந்துள்ளதா? ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?” இது மனு. இதற்கு ஓர் அலுவலர் “ஊழல் எதுவும் நடைபெறவில்லை” என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கலாம். அந்தப் பதிலில் பிழையும் சொல்ல முடியாது. நீங்கள் அபிப்பிராயம் கேட்டீர்கள், அவர் அபிப்பிராயம் சொன்னார்.

விளக்கம் கேட்காதீர்கள், தாளைக் கேளுங்கள். எந்தத் தாள், எந்தத் திகதி, எந்த வேலை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். ஏற்கெனவே கந்தோரில் இருக்கும் ஒரு தாளைக் கொடுப்பதா, மறுப்பதா என்று அவர் முடிவெடுத்தாக வேண்டும். மறுத்தால் காரணம் எழுத வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

எங்கள் பக்கத்து ஒழுங்கை ஒன்றுக்குக் கொங்கிறீட் போட்டார்கள். ஒரு மாரி தாண்டவில்லை, நடுவே வெடித்துவிட்டது. அந்த ஒழுங்கையில் இருக்கும் ஓர் அக்கா இரண்டு மனுக் கொடுத்தார். “கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது” என்று ஒரு கடிதம் வந்தது. எந்தக் கந்தோர் என்று எழுதப் போவதில்லை, எல்லாக் கந்தோரிலும் இதே கடிதம் தயாராகத்தான் இருக்கிறது.

பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து நாலு தாள் கேட்டோம்: எஸ்டிமேட்டும் அளவுப் பட்டியலும், கொந்தராத்து ஒப்பந்தம், காசு கொடுக்க முன் எடுத்த அளவீட்டுத் தாள், வேலை முடிந்த சான்றிதழ். பதினொரு பக்கம் வந்தது. முதல் நாலு பக்கம் இலவசம், மீதி ஏழு பக்கத்துக்கு இரண்டு ரூபாப்படி 14 ரூபா. பதிவுத் தபாலுக்குக் கொடுத்தது அதைவிடக் கூட.

அளவுப் பட்டியலில் தடிப்பு 150 மில்லிமீற்றர் என்று இருந்தது. அளவீட்டுத் தாளிலும் அதே 150, கீழே இரண்டு கையொப்பம். பழைய மேசன் ஒருவரைக் கூட்டிப் போனோம். அவர் வீதியின் ஓரத்து மண்ணைக் கொஞ்சம் கிளறி, இரும்பு டேப்பை வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “அக்கே, இது நாலு இஞ்சிக்கு மேல போகாது” என்றார். மூன்று இடத்தில் பார்த்தார். ஓரிடத்தில் நாலும் இல்லை. 150 என்றால் ஆறு இஞ்சி வர வேண்டும். அக்கா அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

யாரும் சிறைக்குப் போகவில்லை. தாள் கையில் இருக்கிறது என்ற செய்தி பரவி ஒரு கிழமைக்குள் கொந்தராத்துக்காரர் ஆட்களோடு வந்து, வெடித்த பகுதியைக் கிளப்பித் திரும்பப் போட்டார். கையொப்பம் போட்டவர் இன்றும் அதே கதிரையில்தான். இதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பொய்க் கதை சொன்னதாக ஆகிவிடும்.

“மறுகா வாங்க” என்கிறார்கள். எத்தனை தரம் போவது?

ஒரு தரமும் போக வேண்டாம். நாட்களை எண்ணுங்கள். விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தருவோமா, மாட்டோமா என்று முடிவு சொல்ல வேண்டும். தருவதென்று முடிவெடுத்தால் அடுத்த 14 நாட்களுக்குள் தர வேண்டும். தாள்கள் மிக அதிகம், தூர இடத்தில் தேட வேண்டும் என்றால் காரணம் சொல்லி இன்னும் 21 நாள் வரை எடுக்கலாம். ஒருவரின் உயிரோடும் தனிப்பட்ட சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலம்தான்.

மறுத்தாலோ, நாள் கடந்தும் பதில் வராவிட்டாலோ, அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யுங்கள். அவருக்கு மூன்று கிழமை அவகாசம். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். அங்கும் திருப்தியில்லை என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றம்.

கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். நம்மில் பாதிப் பேர் தோற்பது திகதியில்தான்.

எங்கள் கந்தோரில் தகவல் அலுவலரே இல்லை என்கிறார்களே?

அப்படியானால் அந்த நிறுவனத்தின் தலைவர்தான் தகவல் அலுவலர். சட்டம் அப்படித்தான் கருதுகிறது. தகவல் அலுவலர் யார், மேன்முறையீட்டுக்கு யார், கட்டணம் எவ்வளவு என்று ஓர் அறிவித்தல் கந்தோரில் எல்லாருக்கும் தெரியும் இடத்தில் தொங்க வேண்டும். பைல் அலுமாரிக்குப் பின்னால் தொங்குவதையும் கண்டிருக்கிறேன். எட்டிப் பாருங்கள்.

எதையெல்லாம் இரகசியம் என்று மறுக்கலாம்?

5ஆம் பிரிவில் பட்டியல் இருக்கிறது. பொது வாழ்வோடு சம்பந்தமில்லாத தனிப்பட்ட விபரம், மருத்துவப் பதிவு, தேசிய பாதுகாப்பு, வணிக இரகசியம், நடந்துகொண்டிருக்கும் விசாரணை, பரீட்சை விடயங்கள், முடிவெடுக்காத அமைச்சரவைப் பத்திரம் போன்றவை. இவற்றில் பல நியாயமானவை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஆஸ்பத்திரிக் கார்டை யாரும் கேட்கக் கூடாதுதானே.

எங்கள் பக்கத்தில் அதிகம் அடிபடும் சொல் தேசிய பாதுகாப்பு. பாதுகாப்பு என்ற சொல்லைப் போட்டதும் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் என்று சில அலுவலர்கள் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வெளியிட்டால் பாதுகாப்புக்குப் பாதிப்பு வரும் என்றிருக்க வேண்டும். முகாமில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேட்டால் தர மாட்டார்கள், அது சரி. முகாம் நிற்கும் காணி யாருடைய பெயரில் இருக்கிறது, சுவீகரித்ததற்கு வர்த்தமானி உண்டா, நட்டஈடு கொடுத்தார்களா என்பது வேறு கேள்வி. ஒரு தாளில் கொஞ்சம் இரகசியம் என்றால் அந்தப் பகுதியை மறைத்துவிட்டு மிச்சத்தைத் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், வெளியிடுவதால் வரும் பொதுநலன் தீங்கைவிடப் பெரிது என்றால் 5ஆம் பிரிவின் விலக்கையும் மீறித் தர வேண்டும்.

1955ஆம் ஆண்டின் உத்தியோகபூர்வ இரகசியங்கள் சட்டத்தைத் தூக்கிக் காட்டுபவர்களும் உண்டு. தகவல் சட்டம் மற்றச் சட்டங்களோடு முரண்படும் இடத்தில் தகவல் சட்டமே மேலோங்கும் என்று அதன் 4ஆம் பிரிவு சொல்கிறது. மேன்முறையீட்டில் அந்த இலக்கத்தை எழுதிவிடுங்கள், போதும்.

பெரிய இடத்தில் இது வேலை செய்யுமா என்றால், ஒன்று சொல்கிறேன். எந்தெந்தப் பாராளுமன்ற உறுப்பினர் சொத்து விபரம் கொடுத்தார் என்ற பட்டியலை 2018இல் ஒரு சிங்களப் பத்திரிகையாளர் கேட்டார். பாராளுமன்றம் மறுத்தது. ஆணைக்குழு கொடுக்கச் சொன்னது. பாராளுமன்றம் நீதிமன்றம் போனது. 2023 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் கொடுக்கத்தான் சொன்னது. ஒரு பட்டியலுக்கு ஏறக்குறைய ஐந்து வருடம். அதே வருடம் வந்த 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம், சொத்து விபரங்களை இணையத்தில் போடும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தது.

தமிழில் எழுதினோம், சிங்களத்தில் பதில் வந்தது. என்ன செய்ய?

அம்பாறையிலிருந்து வருபவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. கடிதத்தைத் திருப்பி அனுப்பி, தமிழில் தரும்படி கேளுங்கள். அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் ஒரு முறைப்பாடு போடுங்கள். இதற்கிடையில் வந்த தாளை வீசிவிடாதீர்கள், சிங்களம் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து வாசியுங்கள். எண்கள் எந்த மொழியிலும் ஒன்றுதான்.

பழைய பெரிய விடயங்களைக் கேட்கலாமா?

தாராளமாக. அம்பாறை மாவட்டத்திலேயே இரண்டு இருக்கின்றன. ஒன்று நுரைச்சோலை. புத்தளத்து அனல் மின்நிலையத்து நுரைச்சோலையைச் சொல்லவில்லை, அக்கரைப்பற்றுப் பக்கத்தில் சுனாமியில் வீடிழந்தவர்களுக்கென்று சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகளைச் சொல்கிறேன். வீடுகளை யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 2009இல் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகும் வருடக்கணக்காக வீடுகளில் பற்றைதான் வளர்ந்தது. யார் எந்தப் பட்டியலைத் தயாரித்தார், எந்தக் கூட்டத்தில் என்ன முடிவு எடுத்தார்கள், பராமரிப்புக்கு எவ்வளவு போனது: எல்லாம் தாளில் இருக்க வேண்டியவை.

மற்றது ஒலுவில் துறைமுகம். டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்தார்கள். வணிகக் கப்பலுக்கென்று கட்டியதற்கு வாயில் மணல்தான் வந்து நிரம்பியது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரையைக் கடல் தின்றது. தென்னை சரிந்து கிடக்கும் அந்தக் கரையில் நின்று பேட்டி எடுக்காத நிருபர் எங்களில் குறைவு. நானும் எடுத்தேன், கண்ணீரை எழுதினேன். கட்ட முன் செய்த சுற்றாடல் மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டு வாங்கி வாசித்தவர்கள் எங்களில் எத்தனை பேர்? அந்தக் காலத்தில் இந்தச் சட்டம் இல்லை என்று சாட்டுச் சொல்லலாம். 2017க்குப் பிறகு அந்தச் சாட்டும் இல்லை.

அதுதான் கேட்கிறேன், இதெல்லாம் பத்திரிகைக்காரர் வேலை இல்லையா? நாங்கள் ஏன் அலைய வேண்டும்?

நியாயமான கேள்வி. கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும்.

கிழக்கில் பத்திரிகைக்காரனின் கதை இரத்தத்தோடு எழுதப்பட்டது. வீரகேசரிக்கு எழுதிக்கொண்டிருந்த ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 காலையில் மட்டக்களப்பு நகரில் வேலைக்குப் போகும் வழியில் சுடப்பட்டார். மட்டக்களப்பில் பிறந்த தர்மரத்தினம் சிவராம், தராக்கி என்று எழுதியவர், 2005 ஏப்ரல் 28 இரவு கொழும்பில் கடத்தப்பட்டார். மறுநாள் பாராளுமன்றத்துக்கு அருகில் உடல் கிடந்தது. இரண்டு கொலைக்கும் இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை. 2020 ஜனவரியில்கூட மட்டக்களப்பு ஊடகவியலாளர்கள் ஏழு பேருக்குக் கொலை மிரட்டல் துண்டுப்பிரசுரம் வந்தது. இப்படிப்பட்ட ஊரில், “ஏன் எழுதவில்லை” என்று நிருபரைப் பார்த்துக் கேட்பது லேசு.

ஆனால் பயம் மட்டும் காரணம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. பிராந்திய நிருபருக்கு மாதச் சம்பளம் இல்லை. பிரசுரமாகும் செய்திக்குத்தான் காசு. அதில் பெற்றோலும் டேட்டாவும் கழித்தால் என்ன மிஞ்சும்? அப்போது ஓர் அரசியல்வாதியின் இணைப்பாளர் கோல் எடுப்பார்: “அண்ணே, நாளைக்குத் திறப்பு விழா, வாகனம் அனுப்புறம்.” வாகனத்தில் ஏறிப் போனவன் கட்டடத்தின் வெடிப்பைப் படம் எடுப்பானா? நானும் ஏறியிருக்கிறேன். படம் எடுக்கவில்லை.

தகவலுக்கும் இதே நிலைதான். அதிகாரி ஒருவர் நல்ல மனதோடு ஒரு தாளைக் காட்டுவார், அடுத்த தரம் அவருக்கு எதிராக எழுத முடியாது. தகவல் சட்டத்தில் வாங்கிய தாளுக்கு யாருக்கும் நன்றிக்கடன் இல்லை. அதனால்தான் உங்களை அலையச் சொல்கிறேன். உங்கள் கையிலுள்ள தாளின் கொப்பியை மூன்று நிருபருக்குக் கொடுத்தால் ஒருவராவது போடுவார். எனக்கு யாரோ சொன்னார் என்று அவர் எழுத வேண்டியதில்லை, இன்ன கந்தோர் இன்ன திகதியில் கொடுத்த ஆவணம் என்று எழுதலாம்.

2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த பிறகு இது இன்னும் அவசியம். “பொய்யான கூற்று” என்று தீர்மானித்து ஒரு பதிவை நீக்கச் சொல்லும் அதிகாரம் அதன்கீழ் ஓர் ஆணைக்குழுவுக்கு உண்டு. பேஸ்புக்கில் “கள்ளன்” என்று எழுதுவதைவிட, கந்தோர் முத்திரை குத்திய தாளின் படத்தைப் போட்டு மேசன் அளந்த அளவைப் பக்கத்தில் எழுதுங்கள்.

கேட்டால் எனக்கு ஆபத்து வருமா?

வராது என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஒழுங்கை, வாய்க்கால், உரமானியப் பட்டியல் என்றால் அநேகமாக முகச்சுளிப்போடு போய்விடும். மணல் அனுமதிப்பத்திரம், காணி என்றால் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கலாம். சட்டத்தில் உங்கள் பெயர் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கத்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் இந்நாட்டுப் பிரசைகளாக இருக்கும் ஓர் அமைப்பும் விண்ணப்பிக்கலாம். கமக்காரர் அமைப்பு, மீனவர் சங்கம், மாதர் சங்கம் எதன் பெயரிலும் போடுங்கள். தனி ஆளுக்கு ஒரு கோல் வரும், நாற்பது பேருள்ள சங்கத்துக்கு அந்தக் கோலை எடுக்க யோசிப்பார்கள். தூரத்து ஊரிலிருக்கும் உறவினர் பெயரில் அனுப்பியவர்களும் உண்டு. பிரசை யாரும் கேட்கலாம் என்பதால் அதில் பிழையில்லை.

தகவல் கொடுத்த உத்தியோகத்தருக்குப் பிரச்சினை வராதா? பாவம், எங்கள் ஊர்ப் பிள்ளை.

சட்டப்படி கொடுத்ததற்காக அவரைத் தண்டிக்க முடியாது, 40ஆவது பிரிவு அவரைப் பாதுகாக்கிறது. வேண்டுமென்றே மறைப்பவர், பொய்யான தகவல் கொடுப்பவர், தாளை அழிப்பவர்தான் பயப்பட வேண்டும். அதற்கு 50,000 ரூபா வரை தண்டம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். வழக்குப் போட வேண்டியது ஆணைக்குழு.

தாள் கிடைத்துவிட்டது. இனி?

முதலில் இரண்டு கொப்பி எடுத்து ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். பிழை தெரிந்தால் பிரதேச சபை உறுப்பினரிடம் கொடுத்துச் சபையில் கேட்கச் சொல்லலாம், கணக்காய்வுக்கு எழுதலாம். இலஞ்சம் என்று தெரிந்தால் 1954க்கு அழைத்து இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குச் சொல்லலாம். நிருபருக்குக் கொடுப்பதைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

பதில் பதிவுத் தபாலில் வரும்போது நான் வயலில் நிற்பேன். தபால்காரர் திருப்பிக் கொண்டு போய்விட்டால்?

தபால்காரர் ஒரு துண்டு வைத்துவிட்டுப் போவார். அடையாள அட்டையோடு உப தபாலகத்துக்குப் போனால் தருவார்கள், ஆனால் நாள் கணக்குண்டு, பிந்தினால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வெள்ளாமை வெட்டுக் காலத்தில் விண்ணப்பம் போடுபவர்கள் மனைவிக்கோ மகளுக்கோ ஒரு அதிகாரக் கடிதம் எழுதி வைத்துவிட்டு வயலுக்குப் போங்கள்.